பல் முளைத்த கதவும் ஒரு சந்தனப் பொட்டும்

7 செப்ரெம்பர் 2025, ஞாயிறு

புத்தகத்தைக் கை துடைக்கிற துணியாகப் பாவிக்கிற சனத்தை என்ன செய்யலாம்?

கிடைத்துவிட்டது என்பதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் அதை விட்டுவிட்டேன். பதினேழு வருடமாகத் தேடிய "பல் முளைத்த கதவு" நேற்று வட்டுக்கோட்டையில் கிடைத்தது. முதற்பதிப்பு, புரட்டாதி 1979, வெள்ளெருக்கு அச்சகம். பிரெஞ்சிலிருந்து தமிழாக்கம் அரூபி. அது யாருடைய புனைபெயர் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. யதுசன் என்று ஒருவர் கனடாவிலிருந்து வந்து தன் பெரியப்பாவின் வீட்டை விற்கிறார். "எரிக்கிறதுக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கோ அன்ரி" என்று நல்ல மரியாதையாகத்தான் ரெலிபோனில் சொன்னார். எரிக்கிறதுக்கு. போய்ப் பார்த்தால் வாழையடியில் ஒரு குவியல். பழைய பஞ்சாங்கங்களுக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களுக்கும் கீழே அது கிடந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் சாம்பல்தான்.

அட்டை முழுசாக இருக்கிறது. மரக்கட்டையில் வெட்டி, கறுப்பும் செங்கல் நிறமுமாக அடித்த ஒரு கதவு. கதவின் நடுவில் இரண்டு வரிசைப் பல். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்துத் தட்டுப்படுகிறது. ஈய எழுத்தில் அடித்ததற்கு அதுதான் அடையாளம். 1984இல் சென்னையில் யாரோ இதைப் படம்பிடித்து மறுபதிப்புப் போட்டார்கள். அந்தத் தாள் வழுவழுவென்றிருக்கும். போதாததற்கு அதன் பின்னட்டையில் ஒரு சாம்பல் நிற அழுக்கு, எல்லாப் பிரதியிலும். அச்சுப் பிளேற்றைத் துடைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக என் அலுமாரியில் அந்த மறுபதிப்பை வைத்துக்கொண்டு அந்த அழுக்கைத் திட்டி வந்திருக்கிறேன்.

இப்போது வந்த பிரதியில் ஒரே ஒரு குறை. பின்னட்டையில், வலது பக்கம் கீழே, மங்கல் மஞ்சளாக ஒரு கறை, நடுவில் இலேசான சிவப்பு. யாரோ சோறு தின்ற கையோடு தூக்கியிருக்கிறார்கள். நாற்பத்தாறு வருடத்துக் கறி. நல்லகாலம், நான் இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி மருந்தாளர். பஞ்சு, தண்ணீர் கலந்த ஸ்பிரிட், முக்கால் மணித்தியாலம். இப்போது கறை இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது.

மச்சாள் பக்கத்தில் நின்று பார்த்தார். கனகாம்பிகை மச்சாள், என் அண்ணையின் மனைவி. அண்ணை காலமாகி ஆறு வருடம், பிள்ளைகளும் இல்லை. அன்றிலிருந்து தெல்லிப்பழையில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். "புண்ணுக்கு மருந்து கட்டிற மாதிரியெல்லோ துடைக்கிறாய்" என்றார்.

ஓம், புண்தான். செய்தவன் கையில் ஒன்று போட்டால் தெரிந்திருக்கும்.

10 செப்ரெம்பர், புதன்

வேலையால் வந்து, கை கழுவி, துடைத்து, எடுத்துப் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியில் திரும்பச் சுற்றி வைத்தேன். நேற்றும் இப்படித்தான். நாளைக்கும் இப்படித்தான்.

14 செப்ரெம்பர், ஞாயிறு

கீர்த்திகன் ரெலிபோன் எடுத்தார். விரிவுரையாளர், நல்ல பொடியன்தான், ஆனால் எல்லாருக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிற பொடியன். ஒக்ரோபர் பன்னிரண்டாம் திகதி யாழ்ப்பாணத்தில் "மறந்துபோன மொழிபெயர்ப்புகள்" என்று ஒருநாள் கண்காட்சியாம். என் நாற்பத்து மூன்று புத்தகங்களும் வேண்டுமாம். "கதவு" நடு மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

எனக்குப் புழுகம், சந்தோசம் தாங்கவில்லை. ஓம் என்று சொல்லி முடிக்க முதல் தயங்கித் தயங்கிக் கதையைத் தொடங்கினார்.

"அக்கா, குழுவிலை சிலபேர் சொல்லீனம், குடும்பமா ஆக்கள் வருவினம், பிள்ளையள் வரும். கதவை விரிச்சு வைக்காமல் மூடினபடி வைச்சால் என்ன எண்டு."

"அவையள் அதை வாசிச்சவையோ?"

"இல்லை அக்கா. கேள்விப்பட்டவை."

கேள்விப்பட்டவை. கண்டறியாத கேள்வி.

என்ன இருக்கிறது அந்தப் புத்தகத்தில்? ஒரு பெட்டை தன் வீட்டுக் கதவைக் கலியாணம் முடிக்கிறாள். அன்றிரவே கதவுக்குப் பல் முளைக்கிறது. கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரரை ஒவ்வொருவராகத் தின்கிறது, முதலில் சப்பாத்து, பிறகு கால். தின்னப்படுகிறவர்கள் கத்தவில்லை. கலியாணச் சாப்பாட்டில் உப்புக் காணாது என்றுதான் குறை சொல்கிறார்கள். தகப்பன் அலுமாரி லாச்சியாக, இழுத்துத் திறக்கிற தட்டாக மாறுகிறார். மகள் அந்த லாச்சிக்குள் நித்திரை கொள்கிறாள். இன்னும் இருக்கிறது, இங்கே எழுத எனக்கே கூச்சம். பத்தொன்பது வயதில், விடுதியில், ஒருத்தியிடம் மறுபதிப்பை இரவல் வாங்கி வாசித்தேன். அதுவரை நான் வாசித்த எல்லாப் புத்தகமும் என்னை நல்ல பிள்ளையாக இருக்கச் சொன்னது. இது சொல்லவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

இதே மாதிரிப் புத்தகங்களைத்தான் அதற்குப் பிறகு தேடத் தொடங்கினேன். கலியாணம் முடிக்காததற்கும் புத்தகங்கள்தான் காரணம் என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

1979இல் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அச்சகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டு, கட்டாமல் கிடந்த தாள் முழுவதையும் கிணற்றில் போட வைத்தார்களாம். நாற்பத்தாறு வருடம் கழித்து இவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைக்கிறார்கள். முன்னேற்றம்தான்.

28 செப்ரெம்பர், ஞாயிறு

கீர்த்திகனோடு முக்கால் மணித்தியாலம் சண்டை. மூடித்தான் வைக்க வேண்டுமாம், குழு முடிவெடுத்துவிட்டதாம். புத்தகம் தரமாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பதினேழு வருடம். ஒரு நாளாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று கிடக்கிறது.

சரி, மூடியே வையுங்கோ என்றேன். அப்படியென்றால் அட்டையாவது கதைக்கட்டும். ஒரு கீறல் இல்லாத, ஒரு பொட்டுக் கறை இல்லாத அட்டை. இந்த மண்ணில் நாங்களும் ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் பேணுவோம் என்று ஒரு தடவை காட்டுவோம்.

நடுவில் மச்சாள் வந்து நவராத்திரிக்கு ஏதோ கேட்டார். ரெலிபோன் காதில். "ஓம், ஓம்" என்று கையைக் காட்டினேன்.

1 ஒக்ரோபர், புதன்

கோபம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பகுதியின் வாணி விழா முடித்து, அவலும் கடலையும் பையோடு தந்துவிட, ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மச்சாளும் சரஸ்வதி பூசை வைத்திருந்தார். பக்கத்து வளவுப் பெண்கள் நாலைந்து பேர் பாயில். படத்துக்கு முன்னால் கும்பம், கும்பத்துக்குப் பக்கத்தில் தேவாரப் புத்தகம், என்ரை மருந்துப் புத்தகம், அதுக்கு மேலை—

அதுக்கு மேலை கதவு. துணியைக் கழட்டி, மேலே செவ்வரத்தம்பூவும் வைத்து. முன்னட்டையில், சரியாகப் பல்லுக்கு நடுவில், பெருவிரல் அளவுக்குச் சந்தனம். சந்தனத்துக்கு மேல் குங்குமம். ஈரச் சந்தனம். தாளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பூசை முடியும் மட்டும் நான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமா? இழுத்தெடுத்தேன். கும்பம் ஆடித் தண்ணீர் பாயில் சிந்தியது. பாயிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மச்சாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. என்ன சொன்னேன் என்பது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது.

"எழுத்துக்கூட்டி வாசிக்கிற உமக்கு என்ரை புத்தகத்திலை என்ன வேலை?"

உமக்கு என்றேன். ஆறு வருடத்தில் முதல் தடவை, "உங்களுக்கு" என்று வராமல்.

மச்சாளை நாலாம் வகுப்போடு வீட்டில் மறித்துவிட்டார்கள். அது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சொன்னது பிழைதான். ஆனால் அவர் செய்தது? நூறு புத்தகம் இருக்கிற வீட்டில் இதுதானா கண்ணில் பட்டது? கதவைக் கலியாணம் முடிக்கிற பெட்டையின் கதைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்ட சனம் உலகத்திலேயே வேறு எங்காவது இருக்கா? வாசிச்சுத் தடை செய்யிற சனமும் இல்லை, வாசிச்சு ரசிக்கிற சனமும் இல்லை. ஒன்றில் எரிப்பினம், இல்லாட்டிக் கும்பிடுவினம்.

2 ஒக்ரோபர், வியாழன்

விடியப் போய்விட்டார். ஒரு பையோடு, முதல் பஸ்ஸில். மீசாலைக்கு, தங்கச்சி வீட்டுக்குத்தான் போயிருப்பார்.

சுடுதண்ணிப் போத்தலில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னைக் கோபப்படுத்துவதற்கென்றே செய்தது. குடித்தேன்.

4 ஒக்ரோபர், சனி

மச்சாளின் தங்கை மகள் தனுஷிகா மெசேஜ் போட்டிருக்கிறாள்: "பெரியம்மா எங்களோடை நிக்கிறா. இனி இஞ்சைதானாம்." இனி இங்கேதானாம். நல்லது. நான் ஒருவரையும் துரத்தவில்லை.

காய்ந்த சந்தனத்தைக் கத்தி முனையால் சுரண்டினேன். தூள் வந்தது, கறை போகவில்லை. குங்குமம் அட்டையின் நாருக்குள் போய்விட்டது. ஸ்பிரிட் பாவிக்கலாம். ஆனால் இங்கே அட்டைப்படத்தின் மை இருக்கிறதே, அது ஸ்பிரிட்டுக்குக் கரைகிற மையா? பின்னட்டையில் படம் இல்லை, துணிந்து துடைத்தேன். இது பல். பல்லுப் போனால் புத்தகமே போச்சு.

கீர்த்திகனைக் கேட்டேன். அந்த அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த பெண் ஒருவர் அரியாலையில் இன்னும் இருக்கிறாராம், லூர்த்தம்மா என்று பெயர். முதலாளி தம்பிராசா எப்போதோ காலமாகிவிட்டார்.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. வேலையால் வந்தால் வாசல் படலையை நான்தான் திறக்கவேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ஒரு குறையென்று எழுதிக்கொண்டிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

5 ஒக்ரோபர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லூர்த்தம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கண் நல்ல தெளிவு. வீட்டு முன்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. இருத்தி, பிளேன்ரீ தந்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். அட்டையைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஸ்பிரிட் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ பிள்ளை. முதலாளி தானே அரைச்ச மை. பட்டால் பல்லு முழுக்கக் கரைஞ்சு போம்."

சரி, அது முடிந்தது என்று நினைத்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து, சாய்த்துப் பார்த்து, விரலால் தேடினார்.

"பொட்டு எங்கை?"

"என்ன பொட்டு அக்கா?"

"நான் வைச்ச பொட்டு."

1979இல் முதல் நூறு பிரதியைக் கட்டி முடித்த அன்று அச்சகத்தில் சரஸ்வதி பூசையாம். மிஷினுக்குச் சந்தனம், எழுத்துப் பெட்டிகளுக்குச் சந்தனம். பிறகு தம்பிராசா சந்தனக் கிண்ணத்தை இவர் கையில் கொடுத்து, புத்தகங்களுக்கும் வை என்றாராம். "நான் வேதக்காரி, மாதா கோயில் ஆள். அம்மா அறிஞ்சால் ஏசுவா எண்டு வீட்டிலை மூச்சு விடேல்லை. உந்தப் புத்தகத்துக்குமோ முதலாளி எண்டு கேட்டனான், கோர்த்தது நான்தானே, உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். அவர் சொன்னவர், இதும் புத்தகம்தானே, சரஸ்வதிக்கு முன்னாலை எல்லாம் ஒண்டு எண்டு. முன்னாலை வைச்சால் படத்திலை படும் எண்டு நூறுக்கும் பின்னாலை வைச்சன். அண்டைக்கே சனம் கொண்டு போட்டுது. அடுத்த கிழமைதான் ஊரிலை கத்தல். மிச்சத் தாள் எல்லாம் கிணத்துக்கை."

புரட்டாதி 1979. முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. புரட்டாதியில் நவராத்திரி வரும் என்று எனக்குத் தெரியாதா?

"நான் துடைச்சுப்போட்டன்" என்றேன். "கறிக்கறை எண்டு நினைச்சு."

லூர்த்தம்மா பின்னட்டையை இன்னொரு தடவை பார்த்தார். "வடிவாத் துடைச்சிருக்கிறியள்" என்றார்.

ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நான் திரும்ப ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சென்னை மறுபதிப்பை எடுத்தேன். பின்னட்டை, வலது பக்கம், கீழே, சாம்பல் நிற அழுக்கு. பொட்டு வைத்த ஒரு பிரதியைத்தான் அவர்கள் படம்பிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக நான் திட்டியது லூர்த்தம்மாவின் விரலை.

எரிக்க இருந்தவன்கூடப் புத்தகத்தில் கைவைக்கவில்லை. வாழையடியில் போட்டான், அவ்வளவுதான். பொட்டை அழித்தது நான். படிச்சவள். மருந்தாளர். கை கழுவிப்போட்டு, பஞ்சு எடுத்து, முக்கால் மணித்தியாலமாக. விசரி.

6 ஒக்ரோபர், திங்கள், போயா விடுமுறை

மீசாலை. மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இரு என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே லூர்த்தம்மாவின் கதை முழுவதையும் சொன்னேன். துருவுவதை நிறுத்தாமல் கேட்டார்.

பிறகு, அந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தீங்கள் என்று கேட்டேன். கோபத்தில் இல்லை, இந்தத் தடவை தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"உன்ரை புத்தகம் ஒண்டு வைக்கட்டோ எண்டு கேட்டனான். ஓம் ஓம் எண்டனீ."

கேட்டார்தான். நான் காதில் வாங்கவில்லை.

"நீ கை கழுவித் துடைச்சுப்போட்டு எடுக்கிறது அது ஒண்டைத்தான். நான் தேவாரப் புத்தகத்தைக்கூட அப்பிடித் தொடுறேல்லை. அதுதான் பெரிய புத்தகம் எண்டு நினைச்சன்."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள் என்றேன், திரும்பி வீட்டுக்கு வாங்கோ என்றேன்.

"எனக்கு வடிவா வாசிக்க ஏலாதெண்டு தெரிஞ்சுதானே ஆறு வருசம் ஒண்டா இருந்தனீ. ஒரு நாளும் சொல்லேல்லை. அண்டைக்கு ஏன் அவையளுக்கு முன்னாலை சொன்னனீ?"

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தனியே வந்துவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் சொன்னால்தான் நோகும் என்று தெரிந்துதான் சொன்னேன். அதுதான் பதில். அதை மச்சாளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

9 ஒக்ரோபர், வியாழன்

கீர்த்திகனுக்கு விளக்கக் குறிப்பு அனுப்பினேன். "அக்கா, இப்பிடி ஒருத்தரும் எழுதிறேல்லை. கறைக்கெல்லாம் குறிப்பு எழுதுறதோ?" என்றார். எழுதாவிட்டால் நாற்பத்து மூன்றும் வராது என்றேன். குழுவைக் கேட்கவேண்டுமாம். கேட்கட்டும்.

12 ஒக்ரோபர், ஞாயிறு

கண்ணாடிப் பெட்டி. கதவு, மூடினபடி, சந்தனத்தோடு. புத்தகத்தைக் கட்டைகளில் சற்று உயர்த்தி, அடியில் நான் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்தேன், பின்னட்டையும் தெரியட்டும் என்று. பக்கத்தில் குறிப்பு, பெரிய எழுத்தில்:

"பல் முளைத்த கதவு, 1979.
பின்னட்டையில் சந்தனம் வைத்தவர்: லூர்த்தம்மா, 1979.
அதை அழித்தவர்: உதயகலா, 2025.
முன்னட்டையில் சந்தனம் வைத்தவர்: கனகாம்பிகை, 2025."

காலையில் லூர்த்தம்மா மகனோடு வந்து போனார். தன் பெயரை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளிக்கிட்டார். வாசலில் நின்று சேலையைச் சரிசெய்துவிட்டு இன்னொரு தடவை வந்து பார்த்தார்.

குழுவில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தப் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்தோம் என்று எழுதுவது சமயத்தைப் புண்படுத்தாதா என்று கேட்டார். திறந்தாலும் பிழை, மூடினாலும் பிழை, பொட்டு வைச்சாலும் பிழை. நன்றாக ஏசிவிட்டேன். பெயர் எழுதமாட்டேன், தாள் வீண்.

பின்னேரம் மூன்று மணிக்குத் தனுஷிகா முன்னால் வந்தாள், பின்னால் மச்சாள். நல்ல சேலை உடுத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பெட்டியடிக்குப் போனார். தனுஷிகா வாசித்துச் சொல்ல வாயெடுத்தாள். மச்சாள் கையால் மறித்தார்.

தானே வாசித்தார். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு. மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மெல்ல மெல்ல எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். "அ-ழி-த்-த-வ-ர்" என்றபோது நான் தரையைப் பார்த்தேன். "உ-த-ய-க-லா." கடைசி வரியில் "க-ன-கா" வரை வந்து நின்றார். பிறகு மிச்சத்தை எழுத்துக்கூட்டாமல் ஒரேயடியாகச் சொன்னார். 

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இன்றைக்கு அங்கே கொலை நடந்திருக்கும்.

போகும்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ரை உடுப்புப் பை தனுஷிகாட்டைக் கிடக்கு. ஓட்டோவிலை ஏத்து" என்றார்.

26 ஒக்ரோபர், ஞாயிறு

காலையிலிருந்து மழை. மச்சாள் குசினி வாங்குப் பலகையில் இருந்து மறுபதிப்பை வாசிக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சத்தமாக. இன்றைக்குப் பதினொன்று. கதவுக்கு இன்னும் பல் வரவில்லை. "உந்தப் பெட்டைக்கு வேறை மாப்பிள்ளை கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போனார்.

வடை சுட்ட கை. பதினோராம் பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய் விரல் ஒன்று, தெளிவாக.

பஞ்சும் ஸ்பிரிட்டும் அலுமாரியில்தான் இருக்கின்றன. பார்த்தேன், கையும் துறுதுறுத்தது. பக்கத்தின் மூலையில் பென்சிலால் திகதியை மட்டும் போட்டு வைத்தேன்.